செக்லிஸ்டுக்கு நடுவில ஒரு சலாம்

எங்கட தொழிலில பாதி, கையில இருக்கிற பட்டியலை வரி பிசகாம வாசிக்கிறது. மற்றப் பாதி, வாசிக்கிற நேரத்தில ஆர் என்ன கேட்டாலும் காது கேட்காத ஆள் மாதிரி இருக்கிறது. முதல் பாதியைப் படிக்க எனக்கு மூணு வருசம் போச்சு. ரெண்டாவது பாதியை இன்னும் படிச்சுக்கொண்டிருக்கிறன்.

நான் ஓட்டுறது பன்னிரண்டு பேர் ஏறுற குட்டி விமானம். கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில போய் வரும். பெரிய விமானங்களில பைலட்மாருக்குப் பின்னால பூட்டுப் போட்ட கதவு இருக்கு. எங்களுக்கு ஒரு திரைச்சீலை கூட இல்ல. முதல் வரிசையில இருக்கிறவர் கையை நீட்டினா என்ட தோள்தான் தட்டுப்படும். இடப்பக்கச் சீட்டில கப்டன், வலப்பக்கச் சீட்டில நான், கோ-பைலட். இந்த வலப்பக்கத்தில எனக்கு ஏழு வருசமாச்சு.

நான் சொல்லப் போற சம்பவங்கள் எல்லாம் ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள நடந்தவை. அந்த ரெண்டு மாசமும் என்னைக் கப்டனாக்கலாமா எண்டு கம்பனி பார்த்துக்கொண்டிருந்திச்சு. பக்கத்தில இருந்து பார்க்கிற ஆள் கப்டன் டெறிக். மட்டக்களப்புப் பறங்கி மனிசன், தமிழ்தான் அவருக்கு வீட்டுப் பாஷை, சிரிக்காமப் பகிடி விடுவார். ஒரு பிழையும் இல்லாம முடிச்சா எனக்கு இடப்பக்கச் சீட். பிழை நடந்தா அதைச் செய்தவனே தன்ட கையால எழுதிக் குடுக்கோணும், அது கம்பனிச் சட்டம். கடைக்குப் போய்ப் பாதிச் சாமானை மறந்திட்டு வாறவங்க, போன் கதைச்சுக்கொண்டு சோத்துக்கு ரெண்டு தரம் உப்புப் போடுறவங்க, கதவைப் பூட்டினமா எண்டு சந்தியில இருந்து திரும்பி ஓடுறவங்க, எல்லாரும் கிட்ட வாங்க. நாம எல்லாரும் ஒரே சாதிச் சனம்தான்.

ஆர்ர மகன்?

மருதமுனையில இருந்து சாய்ந்தமருது வரைக்கும் எங்கட ஊர்களில ஒரு வழக்கம். ஒரு ஆளோட கதைக்கத் தொடங்க முதல் அவர் ஆர்ர மகன் எண்டு தெரிஞ்சாகோணும். அது தெரியாம டாக்குத்தருக்கு நாக்கையும் நீட்டிக் காட்ட மாட்டாங்க. சட்டையில குத்தியிருக்கிற பேரைப் பார்த்து நான் எங்கட ஆள் எண்டு கண்டுபிடிச்சா, மறுகா விடுவாங்களா?

கல்முனை பஸாரில சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிற ஒருத்தர் அண்டைக்கு முதல் வரிசையில இருந்தார். நான் எஞ்சின் ஸ்டார்ட் பண்ண முதல் வாசிக்கிற பட்டியலைத் தொடங்கி, நாலாவது வரிக்கு வந்திட்டன். தோளில ஒரு தட்டு. "தம்பி எந்த ஊர்?" சாய்ந்தமருது எண்டு சொன்னன். கப்டன் டெறிக் விரலால பட்டியலின்ட முதல் வரியைக் காட்டினார். இடையில ஆரும் குழப்பினா முதல்ல இருந்து வாசிக்கோணும், அது அவர்ட சட்டம். திரும்பத் தொடங்கினன். ஆறாவது வரியில மறுபடியும் தட்டு. "சாய்ந்தமருதில எவடம்?" திரும்பவும் முதல் வரி.

மூணாவது தரம் நான் பட்டியலை மடியில வைச்சிட்டு முழுசாத் திரும்பி இருந்தன். இனி ஒரு கேள்வியும் மிச்சம் இருக்கக்கூடாது எண்டு, வாப்பாட பேர், உம்மாட ஊர், குடியிருக்கிற ஒழுங்கை, எல்லாத்தையும் ஒரேயடியாச் சொன்னன். வாப்பா கடற்கரையில தோணி எஞ்சின் திருத்துறவர், ஊரில அவருக்குப் பேரே எஞ்சின் காசிம். மனிசன்ட முகத்தில அப்படி ஒரு நிம்மதி. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பக்கத்துச் சீட்காரரிட்டச் சொன்னார்:

"எஞ்சின் காசிம்ட மகன்தான் ஓட்டுறாரு, பயப்படாதீங்க, நடு வானத்தில நிண்டாலும் அவரே இறங்கிப் பாத்திருவாரு."

மடியில வட்டிலப்பம்

இது மட்டக்களப்பில இறங்கப் போற நேரம் நடந்தது. கொழும்பில மகள்ட வீட்டுக்குப் போய்த் திரும்பி வாற ஒரு உம்மா, மடியில ஒரு பெரிய தட்டு வட்டிலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சக்கரையும் சேர்த்து அவிச்ச இனிப்பு. சாமான் அறையில போடச் சொன்னதுக்கு, "சரிஞ்சா கலங்கிரும் மகன்" எண்டு தர மாட்டன் எண்டுட்டா. இறங்கப் போறம், பெல்ட்டைப் போடுங்க எண்டு நான் சொன்னதும், அவவுக்கு ரெண்டு கையும் தேவைப்பட்டிச்சு. "ஒள்ளுப்பம், கொஞ்ச நேரம் புடிங்க மகன்" எண்டு தட்டை எனக்கு முன்னால நீட்டினா.

வாங்காம எப்படி இருக்கிறது? எங்கட ஊரில ஒரு உம்மா சாப்பாட்டுத் தட்டை நீட்டினா, கை தானாகவே போகும். மனசைக் கேட்கிறதில்ல. வாங்கி மடியில வைச்சிட்டன். அவவுக்கு பெல்ட்டின்ட கொளுக்கி அம்பிடல்ல, அதைத் தேடிக்கொண்டிருக்கிறா. இங்கால கப்டன் டெறிக் இறங்குறதுக்கான செக்லிஸ்ட் கேட்டார். பட்டியல் தட்டுக்கு அடியில. தட்டைத் தூக்கினா விமானம் ஆடுற ஆட்டத்துக்கு அதின்ட சக்கரைப் பாணி முழுக்க என்ட காற்சட்டையில வடியும். ரெண்டாம் தரம் கேட்டார். நான் ஒரு கையால தட்டைச் சமப்படுத்திக்கொண்டு, மற்றக் கையால அடியில துழாவுறன். ஒரு நிமிசம் கூட இருக்காது. ஆனா அந்த ஒரு நிமிசம் நான் வெளியில பார்க்கல்ல, உயரத்தைச் சொல்லல்ல, ரேடியோவில கூப்பிட்டது கூட எனக்குக் கேட்கல்ல. இருந்த ஒரு மூளையும் பாணிக்குள்ள விழுந்திட்டு.

கப்டன் டெறிக் விமானத்தை மேலே எடுத்து, வாவிக்கு மேலால ஒரு சுத்துச் சுத்தினார். பிழை எண்டு எழுத ஒண்டும் இல்ல, வேளைக்கே விலகிட்டம். தட்டை உரியவவிட்ட குடுத்து முடிய, முன்னால பார்த்தபடியே சொன்னார்:

"தம்பி, நான் கேட்டது செக்லிஸ்ட். நீங்க எடுத்தது சாப்பாட்டு ஓடர்."

ஒரு மூச்சளவு

இனி வாறதைச் சொல்ல எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு. அது வரைக்கும் நான் ஒரு நல்ல பழக்கம் பழகியிருந்தன். ஆரும் கதை குடுத்தா கையை உயர்த்திக் காட்டுவன், பட்டியலை முதல்ல இருந்து தொடங்குவன். சோதனைக் காலம் முடிய இன்னும் பத்து நாள்தான். கப்டன் டெறிக்கே ஒருக்கா "பரவாயில்ல" எண்டு சொல்லியிருந்தார். அவர் வாயில அது பெரிய சொல்.

மட்டக்களப்பில இருந்து கிளம்ப ஓடுபாதையின்ட தொங்கலில நிக்கிறம். ஓட்டுறது அவர், வாசிக்கிறது நான். நான் ஒவ்வொரு வரியா வாசிக்க வாசிக்க அவர்ட கை ஒவ்வொரு இடமாப் போகும். அடுத்த வரி 'பிளாப்ஸ்'. இறக்கையின்ட பின் ஓரத்தில இருக்கிற தகடு, அதைக் கொஞ்சம் இறக்கிவிட்டாத்தான் விமானம் லேசா எழும்பும். அந்த நேரம் முதல் வரிசையில இருந்த ஹாஜியார் ஒருத்தர், அது வரைக்கும் கண்ணை மூடித் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தவர், கண் திறந்து என்னைக் கண்டார். அஸ்ஸலாமு அலைக்கும் எண்டார். வ அலைக்குமுஸ்ஸலாம் எண்டன். அவ்வளவுதான். அடுத்த வரியை வாசிச்சன்.

எங்கட ஆக்களுக்கு இது விளங்கும். சலாத்துக்குப் பதில் சொல்றது கடமை. நித்திரையில சொன்னாலும் பதில் வரும். அதை நான் கதை எண்டே கணக்கில எடுக்கல்ல, மூச்சு விட்ட மாதிரித்தான். அதால முதல்ல இருந்து தொடங்கோணும் எண்டு தோணவே இல்ல. திரும்பி வந்த மனசு விட்ட வரிக்கு வராம அதுக்கு அடுத்த வரிக்கு வந்திட்டு. பிளாப்ஸ் வாசிக்கப் போனதையே வாசிச்சு முடிச்சதா எழுதி வைச்சிட்டு. ஓடத் தொடங்கினம். வழக்கமா எழும்புற இடம் வந்திச்சு, சில்லு நிலத்தை விடல்ல. வாவித் தண்ணி பெரிசாகி வருது. ஒருநாளும் காணாத புல்லெல்லாம் கண்டன். கப்டன் டெறிக் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டு, பக்குவமாத் தூக்கினார். கீழ தண்ணி போச்சு. பின்னால பன்னிரண்டு பேர், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியா.

கொழும்பில இறங்கின பிறகு கப்டன் டெறிக் சொன்னார், "நீங்க வாசிக்கல்ல, நான் பாக்கல்ல. ஏழு நாளைக்குள்ள எழுதிக் குடுங்க, என்ட பேரையும் போடுங்க." ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஹாஜியார் ஆறுதலா, அவசரமில்லாம, இறங்கி வந்து, என்ட ரெண்டு கையையும் பிடிச்சார்:

"மாஷா அல்லாஹ், ஒரு குலுக்கமும் இல்லாமத் தூக்கினீங்க மகன், நான் துஆ செய்றன்."

மோதினார் மச்சான்

எழுதினா கப்டன் பதவி போகும். எழுதாட்டி கப்டன் டெறிக் தானா எழுதுவாரோ, விட்டிருவாரோ, தெரியா. அந்த வெள்ளிக்கிழமை லீவில ஊருக்கு வந்தன். தாளை எடுத்து வைச்சன், எடுத்த மாதிரியே மடிச்சு வைச்சன். எனக்குப் பயத்தை விடவும் பெரிசா ஒரு விடுப்பு, அறியிற ஆசை, இருந்திச்சு. நாலாயிரம் தரம் வாசிச்ச ஒரு வரி எப்படி என்ட கண்ணுக்கு முன்னால இருந்தே காணாமப் போகும்? வீட்டில சோதிச்சுப் பார்த்தன். உம்மா தேங்காய் துருவிப் பால் பிழியிற நேரம், "உம்மா, சலாம்" எண்டன். பதில் சொல்லிட்டு, மூணாம் பாலும் எடுத்து ஒதுக்கின சக்கையையே திரும்ப எடுத்துத் தண்ணி விட்டா. எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. உம்மாக்கு விளங்கல்ல, காய்ச்சலா எண்டு நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

என்ட தங்கச்சிட மாப்பிள்ளை பள்ளிவாசலில மோதினார், பாங்கு சொல்றவர். அவரிட்டத்தான் மனசைத் திறந்தன். "மச்சான், சலாத்துக்குப் பதில் சொல்லாம இருக்கவும் ஏலாது, சொன்னா வரி போகுது. என்ன செய்ய?" பள்ளி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைச் சுவரில சாத்திட்டு யோசிச்சார். தான் மௌலவி இல்ல, ஃபத்வா சொல்ல வரல்ல எண்டு முதல்லயே சொல்லிட்டார். பிறகு கேட்டார், தொழுதுகொண்டு நிக்கிறவனுக்கு ஆரும் சலாம் சொன்னா அவன் வாய் திறந்து பதில் சொல்றானா எண்டு. இல்ல எண்டன். மூணு ரக்அத் தொழுதமா நாலு தொழுதமா எண்டு சந்தேகம் வந்தா என்ன செய்யிறாய் எண்டார். குறைஞ்ச கணக்கை எடுத்து மிச்சத்தைத் தொழுவன் எண்டன். எனக்குத் தெரிஞ்ச விஷயங்கள்தான். ஏழு வயசில இருந்து செய்து வாறன். அதை விமானத்துக்குள்ள கொண்டு போகோணும் எண்டு மட்டும் தோணல்ல.

எழுதுறதா விடுறதா எண்டதையும் கேட்டன். அதுக்கு அவர் துடைப்பத்தைக் கையில எடுத்தார்:

"அத என்னட்டக் கேக்காத மச்சான், நான் எழுத வேணாம் எண்டு சொல்லுவன் எண்டுதானே இவ்வளவு தூரம் நடந்து வந்த நீ."

டக் டக்

எழுதாமலே அடுத்த பறப்புக்குப் போனன். ஆனா ஒரு திருத்தத்தோட. எல்லாரும் ஏறி இருந்த பிறகு, எழும்பி நிண்டு, நானே முதல்ல சலாம் சொன்னன், வணக்கம் சொன்னன், சிங்களத்தில ஆயுபோவனும் சொன்னன். பிறகு கடுமையான குரலில, "இனி விமானம் மேல போய் நான் சரி எண்டு சொல்லும் வரைக்கும் ஒருத்தரும் எங்களோட ஒரு சொல்லும் கதைக்கப்படாது" எண்டன். சனம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திச்சு. இவ்வளவு லேசான வேலையை ஏழு வருசமாச் செய்யாம விட்டமே எண்டு எனக்கு என்னிலயே பெருமை.

கிளம்பி ரெண்டு நிமிசத்தில ஒரு சத்தம். டக், டக், டக். எஞ்சினா, சில்லா, தெரியா. நானும் கப்டன் டெறிக்கும் எண்ணெய் அழுத்தம் காட்டுற முள்ளை ஒண்டாக் குனிஞ்சு பார்க்கிறம். முள்ளு நிக்க வேண்டிய இடத்தில நிக்குது. சத்தமும் நிக்கல்ல. ரெண்டு பேரும் ஒரே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தா விமானத்தை ஆர் ஓட்டுறது? உயரம் இருநூறு அடி இறங்கினதைக் கண்டிட்டு கப்டன் டெறிக்தான், "நீங்க சத்தத்தைப் பாருங்க, நான் ஓட்டுறன்" எண்டு பிரிச்சார். திரும்பிப் போய் இறங்கினம். நான் குதிச்சு இறங்கிச் சுத்தி வந்து பார்த்தா, பின் கதவின்ட இடுக்கில ஒரு சீட் பெல்ட். அதின்ட இரும்புக் கொளுக்கி வெளியில தொங்கிக்கொண்டு விமானத்தின்ட வயித்தில அடிச்சிருக்கு. சத்தம் அதுதான்.

அந்த பெல்ட் மருதமுனையில சாரன், லுங்கி விக்கிற வியாபாரி ஒருத்தர்ட. கதவு சாத்தும்போதே தன்ட பெல்ட் வெளியில மாட்டினதைக் கண்டிருக்கிறார். கண்டும், பெல்ட் இல்லாம, சாரன் கட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறார். எனக்குக் கோவம் உச்சியில ஏறிட்டு. "கண்ட நீங்க ஏன் சொல்லல்ல?" எண்டு கேட்டன். அவர் முதல்ல பக்கத்தில நிண்டவரைப் பார்த்தார், பிறகு மெல்லக் கேட்டார்:

"இப்ப கதைக்கலாமா?"

மேல் பெட்டி

அவரில வந்த கோவம் எனக்கு அண்டு பின்னேரம் வரைக்கும் ஆறல்ல. கண்டதைச் சொல்லாம ஒரு மனிசன் எப்படி இருப்பான்? அப்படிப் புறுபுறுத்துக்கொண்டு பையைத் திறந்தா, மடிச்சு வைச்ச என்ட தாள் அப்படியே கிடக்கு. பிறகு எனக்குக் கோவப்பட ஆள் இல்லாமப் போச்சு. அண்டைக்கே இருந்து ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தன். சலாம், பிளாப்ஸ், வாவித் தண்ணி, கப்டன் டெறிக்ட பேர், ஒண்டும் விடல்ல.

மற்ற நாள் கம்பனி மனேஜர் கூப்பிட்டார். கொழும்பில பிறந்து வளர்ந்த தமிழ் மனிசன், மேசை முழுக்க ஃபைல். என்ட ரெண்டு பக்கத்தையும் ஆறுதலா வாசிச்சார். "எழுதினது நல்லது, ஆனாலும் இன்னும் ஆறு மாசம் வலப்பக்கம்தான்" எண்டார். நான் அதுக்குத் தயாராத்தான் போயிருந்தன். ஆனாலும், எஞ்சின் காசிம்ட வீட்டில ஏற்கனவே கோழி அறுக்க நாள் பார்த்து வைச்சிருந்தாங்க. மனேஜர் என்ட சோதனைக் காலப் படிவத்தை எடுத்தார். அதில ரெண்டு பெட்டி இருக்கும். மேல் பெட்டி, கப்டனாகத் தகுதி. கீழ்ப் பெட்டி, ஆறு மாசம் பிந்தி. பேனையைத் திறந்தார். போன் அடிச்சுது. ஆரோ ஒரு பிரயாணிட பெட்டி யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டாம். அதே நேரம் தேத்தண்ணி வந்திச்சு, ஒரு பெண் வந்து வேற ஒரு தாளில கையெழுத்தும் வாங்கினா. போனைக் காதில வைச்சபடியே அவர் என்ட படிவத்தில மேல் பெட்டியில சரி போட்டார், கீழ கையெழுத்து, முத்திரை, எனக்கு முன்னால தள்ளிட்டு, போகலாம் எண்டு தலையாட்டினார்.

வெளியில வந்திட்டன். ஓம், வந்திட்டன், பொய் சொல்லி என்ன? படியிறங்கிக் கீழ் மாடி வரைக்கும் அந்தத் தாளோட போனன். கையெழுத்து, முத்திரை, எல்லாம் ஒழுங்கு. நான் கேட்கல்ல, நான் போடல்ல. அவ்வளவு நேரமும் எனக்குள்ள இருந்தது சந்தோசமா பயமா எண்டு பார்க்கத்தான் கடைசிப் படியில நிண்டன். பயம்தான். இடப்பக்கச் சீட்டில இருந்தா, பக்கத்தில இருக்கிறவன் ஒரு வரியை விட்டா, அதைக் காணுற கடைசி ஆள் நான். பின்னால பன்னிரண்டு பேர் பெல்ட் கட்டி இருப்பாங்க. திரும்பி ஏறினன், கதவைத் தட்ட மறந்து உள்ளே போனன். மனேஜர் ஒரு நீளப் பட்டியலில விரல் வைச்சு எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ஸேர், நீங்க மேல் பெட்டியில போட்டிட்டீங்க" எண்டு படிவத்தை வைச்சன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேல் பெட்டியை வெட்டி, கீழ்ப் பெட்டியில சரி போட்டு, பக்கத்தில கையெழுத்து வைச்சார். பிறகு தன்ட பட்டியலைப் பார்த்து முகத்தைச் சுளிச்சார்:

"தட்டிப்போட்டு வரக்கூடாதா? இப்ப நான் எந்த வரியில நிண்டன் எண்டு எனக்கே தெரியாது."

ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழைக்குக் காரணமாகி, அதுக்கும் ஏச்சு வாங்கிக்கொண்டு வெளியேறின ஆள் நான் மட்டும்தான் எண்டா, இந்த நாட்டில இவ்வளவு கந்தோர், ஒஃபிஸ் எல்லாம் ஆரை வைச்சு நடக்குது?